கூடை சுமந்த பெண்ணின் உருவம்: ஒரு மறுநோக்கு

தேயிலைச் செடிகளினிடையே கூடை சுமந்து நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் உலகறிந்த ஒன்றாகும். தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கி, இடைத்தரகரின்றித் தோட்டத்திலிருந்தே நுகர்வோருக்குத் தேயிலை வருவதாக விளம்பரம் செய்த காலந்தொட்டு, ஊவா மலைச்சரிவும் அதில் நிற்கும் பெண்ணும் இலங்கைத் தேயிலையின் அடையாளமாயின. கொழும்புப் புகைப்பட நிறுவனங்கள் அவளை அஞ்சலட்டைகளில் அச்சிட்டு விற்றன. குடியேற்ற அரசு வெளியிட்ட 9 சத முத்திரையிலும் கொழுந்து பறிக்கும் காட்சியே இடம்பெற்றது.

இப்படங்களின் அடிக்குறிப்புகள் பெரும்பாலும் பெண்ணின் இனத்தையும் தொழிலையும் கூறுவனவேயன்றி, அவள் பெயரைக் கூறுவனவல்ல. இது அஞ்சலட்டை வணிகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. தென்னிசன், டார்வின் முதலியோரைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலுள்ள பெரியோரைப் பெயரால் அறிகின்றோம். இலங்கையில் அவர் படமெடுத்த உழைக்கும் மக்களிற் பெரும்பாலோர் யாரென அறியோம்.

ஆயின் தோட்டத்தில் இப்பெண்ணுக்கு வேறொரு 'பேர்' இருந்தது. மலையக வழக்கில் 'பேர்' என்பது செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள் வேலையைக் குறிக்கும். குறித்த இறாத்தல் கொழுந்து நிறையாவிடின் கிடைப்பது 'அரைப்பேர்'. படத்திற் பெயரில்லாதவள், நிறுவையின்போது தன் பேருக்காக அன்றாடம் போராடியவள். இவ்வுண்மையை மனங்கொண்டு நோக்குவோமாயின் படத்தின் பொருளே மாறுகின்றது.

அழகுக்காக வைத்தது போலத் தோன்றும் கூடையின் கயிறு அவள் தலையை அழுத்துகின்றது. பிரட்டுக்களமும் கங்காணியும் நிறுவைத் தராசும் படச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கூலியும் அவ்வாறே. 1927ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம், மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்தல் பெரிதும் பெண்களின் தொழில். விளம்பரத்தின் முகமாக நின்றவளும் பெண்ணே. எனினும் ஆணுக்கு ஒத்த சம்பளம் அவளுக்குக் கிட்டியது 1984இலேயாகும்.

பின்னணியிலுள்ள மலைச்சரிவையும் நாம் வேறு கண்கொண்டு காணவேண்டும். வெளியார்க்கு அது இயற்கை எழில். லயத்தில் வாழ்வோர்க்கு அது தலைக்கு மேலுள்ள ஆபத்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிற் சரிந்த மண் லயன்களை மனிதரோடு மூடியது. இதனை அறிந்த பின் ஊவாவின் பசுஞ்சரிவை வெறும் பின்னணியாகப் பார்த்தல் இயலாது.

முரண்பாடுகளுட் பெரியது குடியுரிமை பற்றியதாகும். முத்திரையில் நாட்டின் அடையாளமாகக் காட்டப்பட்டவளின் சந்ததியை, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாமென விட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டமே நாடற்ற நிலையைப் பெருமளவு தீர்த்தது. உருவத்தை ஏற்ற நாடு, உருவத்துக்குரியவரை ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அவ்வாறெனில் இப்படங்களை ஒதுக்கிவிடல் வேண்டுமா? அன்று. எழுதப்பட்ட வரலாற்றில் இப்பெண்களுக்குரிய சான்றுகள் அரியன. அவர்களுடைய முகமும் நகையும் சேலைக்கட்டும் நிற்கும் நிலையும் இப்படங்களிலேயே எஞ்சியுள்ளன. புகைப்படக்காரனின் நோக்கம் எதுவாயினும், அவனது கருவியை நேர்நின்று நோக்கிய கண்கள் அவளுடையவை.

பதுளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து இன்று பல்கலைக்கழகம் புகும் மாணவர் பலர். அவர்தம் பாட்டிமாரின் நினைவுகளையும் தோட்டப் பதிவேடுகளையும் இப்படங்களோடு வைத்து ஆராயும் கடமை அவர்களுக்கும் நமக்கும் உண்டு. ஒரு படத்துக்கேனும் ஒரு பெண்ணின் பெயரை மீட்டுத் தருவோமாயின், மலையக வரலாற்றில் அவளுக்கு அரைப்பேரன்றி முழுப்பேரே பதிந்தவராவோம்.