செராய்ப் பந்தி

கொச்சியில், சுள்ளிக்கலிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்தே போய்விடலாம். யூதர்களின் சினகாக், சமணக் கோயில், கொங்கணியரின் திருமலைக் கோயில், பள்ளிவாசல்கள் என்று வழிபாட்டிடங்களுக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம். சாமியே வேண்டாம் என்று சொன்னவரின் பத்திரிகையும் இந்த மட்டாஞ்சேரியில்தான் பிறந்தது. 1917இல் வந்த ‘சகோதரன்’ அது. நடத்தியவர் பெயர் அய்யப்பன். பெயரிலேயே சாமி உட்கார்ந்திருந்தது வேறு விஷயம்!

அதே ஆண்டு மே 29. வைப்பின் தீவில், தான் பிறந்த செராயில், அய்யப்பன் ஒரு பந்தி போட்டார். அவர் ஈழவர். தீண்டாமையின் வலி தெரிந்த சமூகம்தான். ஆனால் புலையரை அதுவும் எட்டவே நிறுத்தியிருந்தது. அன்று புலையர் வீட்டுப் பையன்களும் ஈழவர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சோறு, பலாக்கொட்டையும் கடலையும் போட்ட ஒரு கறி, அவ்வளவுதான். விருந்து என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அந்தச் சோற்றுக்குத்தான் சாதிச் சங்கம் கொதித்தது. செராய் கௌரீசுவரர் கோயிலை நடத்தி வந்த அந்தச் சங்கம், பந்தியில் உட்கார்ந்தவர்களைத் தள்ளிவைத்தது. ‘புலையன் அய்யப்பன்’ என்று ஊர் ஏசியது. அவர் அதைப் பட்டம்போல வைத்துக்கொண்டார்.

அந்தக் கோயிலில் 1912இல் பிரதிஷ்டை செய்தவர் அய்யப்பனின் குருவான நாராயண குரு. குரு கோயில் பக்கம் நிற்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் நின்றது அய்யப்பன் பக்கம். மனிதரின் மதம், உடை, மொழி எதுவானாலும் சேர்ந்து உண்பதிலும் மணம் செய்வதிலும் குற்றமில்லை என்று 1921இல் தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். ஒரே சாதி, ஒரே மதம், ஒரே தெய்வம் என்றார் குரு. சீடரோ அந்த மூன்றுமே வேண்டாம் என்று மாற்றிச் சொன்னார். அதற்காகக் குரு அவரைத் தள்ளிவைக்கவில்லை.

நம் பக்கத்தில், குன்றக்குடி மடத்தில் அடிகளார் தந்த திருநீற்றைப் பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டதை இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறோம். அது வந்தவரின் பண்பு. அழைக்கிறவரின் பண்பைப் பார்க்க ஆலுவாய்க்குப் போக வேண்டும்.

ஆலுவாய் சிவராத்திரி பெரிய திருவிழா. பெரியாற்று மணலில் முன்னோருக்குப் பலியிட ஊர் ஊராகக் கூட்டம் வரும். 1924 சிவராத்திரியின்போது, அந்த ஆற்றங்கரையிலுள்ள தம் அத்வைத ஆசிரமத்துக்குக் கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர், ஆரிய சமாஜத்தார் எல்லாரையும் குரு பேச அழைத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். வாதாடி ஜெயிக்க அல்ல, அறிந்துகொள்ளவும் அறிவிக்கவுமே இந்தக் கூட்டம் என்று எழுதி வைத்திருந்தார்கள். விருந்தாளியை அழைத்துவிட்டு மதம் மாற்ற உட்காராத வீடு எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அந்தச் சர்வமத சம்மேளனம் இன்றும் சிவராத்திரிதோறும் அதே ஆசிரமத்தில் நடக்கிறது.