உலர்குமிழ், ஈரக்குமிழ்: தென்னிந்தியப் பெருநகரங்களின் கோடையை ஒப்பிட்ட வரலாறு

சென்னை, ஐதராபாத், பெங்களூரு ஆகிய மூன்றில் எந்நகரின் கோடை கொடியது என்னும் வினாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் சித்திரை, வைகாசியில் நாளிதழ்கள் ஒரே விடையைத் தருகின்றன. ஐதராபாத் முதலிலும், சென்னை அடுத்தும், பெங்களூரு கடைசியிலும் நிற்கின்றன. இவ்வரிசை பொய்யன்று. மே மாதத்தில் ஐதராபாத்தின் சராசரி உச்ச வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியசு. சென்னையில் 37-ஐ ஒட்டி. பெங்களூரு தன் வெம்மை மிகுந்த ஏப்ரலிலும் 34-ஐ அதிகம் தாண்டுவதில்லை. ஆயினும் இது ஒற்றைக் கருவி சொல்லும் வரிசை. வானிலை நிலையத்தின் அதே மரப்பெட்டிக்குள் இன்னொரு வெப்பமானியும் தொங்குகிறது. குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிய அந்த வெப்பமானியைக் கேட்டால் வரிசை மாறிவிடும். ஒன்றரை நூற்றாண்டாக இரண்டும் அருகருகே தொங்கியும் ஒன்றின் சொல்லே அரங்கேறியது எவ்வாறு என்பது வானிலையியலின் வரலாறு மட்டுமன்று. நிருவாகத்தின் வரலாறும் ஆகும்.

தொடக்கம் சென்னையில். வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் எழும்பூரில் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் அது 1792-இல் நுங்கம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டுப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1796 முதல் ஜான் கோல்டிங்காம் அங்கு நாள்தோறும் வானிலையைக் குறித்து வந்தார். வானியலாளர் ஒருவர் வெப்பமானியைப் பார்த்தது ஊராரின் உடல்நலம் கருதியன்று. விண்மீனின் ஒளி காற்றினூடே வளைந்து வருகிறது. அவ்வளைவைக் கணக்கிட்டுக் கழிக்கக் காற்றின் வெப்பமும் அழுத்தமும் தேவை. ஆசியாவின் மிக நீண்ட வானிலைப் பதிவுகளுள் ஒன்று இவ்வாறு விண்மீன்களுக்குத் தொண்டு செய்யப் பிறந்தது. வியர்வைக்கு அதில் இடமில்லை.

ஈரக்குமிழ் வெப்பமானி பின்னர் வந்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்சுட்டு அவுகுசுட்டு 1820-களில் அதற்கு முறையான வடிவம் தந்தார். இயங்கும் விதம் எளிது. ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிர்கிறது. காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் விரைந்து நிகழும், குமிழ் மிகக் குளிரும்; காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் தயங்கும், குமிழும் குளிராது. மனித உடல் வியர்த்துக் குளிர்வதும் இவ்வாறே. இக்கருவி ஒருவகையில் வியர்க்கும் வெப்பமானி.

மூன்று நகரங்களும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடப்பட்டதற்குப் படைமுகாம்களே காரணம். சென்னைக்குப் பரங்கிமலை, நிசாம் ஆட்சிப்பகுதிக்கு 1806-இல் பெயர் பெற்ற செகந்திராபாத், மைசூருக்குப் பெங்களூருக் கண்டோன்மென்ட். சீரங்கப்பட்டணத்தின் காய்ச்சலுக்கு அஞ்சிய படை 1809-இல் பெங்களூருக்கு மாறியது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வூரின் 'குளிர்ந்த நகரம்' என்ற புகழ், சென்னையிலிருந்து சென்ற வெள்ளை அலுவலர்களின் ஒப்பீட்டில் வளர்ந்தது. இந்தியாவில் படையினரின் உடல்நலம் பற்றி ஆராய்ந்து 1863-இல் அறிக்கை தந்த அரச ஆணையம் ஒவ்வொரு முகாமின் தட்பவெப்பத்தையும் கேட்டறிந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டின் தலைமையில் 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைந்தபின் அளவீடுகள் ஒருமுகப்பட்டன. உலர்குமிழும் ஈரக்குமிழும் ஒரே நேரத்தில், ஒரே கூரையின்கீழ்க் குறிக்கப்பட்டன. ஆனால் பட்டியலிலிருந்து பொதுப்பேச்சுக்குச் சென்ற எண் நாளின் உச்ச வெப்பம் ஒன்றே. ஈரக்குமிழ் அளவு ஒப்பு ஈரப்பதத்தைக் கணக்கிட உதவும் இடைப்படியாகச் சுருங்கிப் பட்டியலின் பின்பத்திகளில் தங்கியது.

இதனால் மறைந்தது எவ்வளவு என்பதை ஒரு கணக்கு காட்டும். ஐதராபாத்தில் மே மாதப் பிற்பகல் ஒன்றில் வெப்பம் 41 பாகை, ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காடு என்று கொள்வோம். ஈரக்குமிழ் ஏறத்தாழ 23 பாகை காட்டும். அதே மாதத்தில் கடற்காற்று புகுந்துவிட்ட சென்னையில் வெப்பம் 36, ஈரப்பதம் 60 விழுக்காடு எனில் ஈரக்குமிழ் 29-ஐத் தாண்டும். உலர்குமிழின்படி ஐதராபாத் 5 பாகை வெம்மை மிகுந்தது. ஈரக்குமிழின்படி சென்னை 6 பாகை கடுமையானது. பெங்களூருவில் 34 பாகையும் 30 விழுக்காடும் சேர்ந்தால் ஈரக்குமிழ் 21 அளவில் நிற்கும். எந்தக் கருவியைக் கேட்டாலும் அதன் கடைசி இடம் மாறுவதில்லை. 2016 ஏப்ரலில் அது 39.2 பாகையைத் தொட்டுத் தன் பழைய உச்சத்தை உடைத்தபோதும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. சிக்கல் மற்ற இரு நகரங்களுக்கிடையேதான்.

அளவீட்டுப் பட்டியல் சொல்லாததைப் புழங்குபொருள்கள் சொல்கின்றன. வாயிலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நீர் தெளித்து வெப்பக்காற்றைக் குளிரச் செய்யும் முறை தக்காணத்திலும் வட இந்தியாவிலும் வேரூன்றியது. சென்னையில் அது பயன்பட்டது மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசிய சில வாரங்களில் மட்டுமே. தட்டியின் வழித்தோன்றலான ஏர்கூலரின் நிலையும் இதுவே. நீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் எந்தச் சாதனமும் ஈரக்குமிழ் காட்டும் அளவுக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க இயலாது. ஐதராபாத்தில் அது 41 பாகைக் காற்றை முப்பதுக்குக் கீழ் இறக்கும். சென்னையின் கடற்காற்றில் ஏற்கெனவே உள்ள ஈரத்தோடு மேலும் ஈரத்தைச் சேர்த்துப் புழுக்கத்தைக் கூட்டும். சென்னை வேறு வழி தேட வேண்டியிருந்தது. பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் பிரடெரிக் டியூடரின் நிறுவனம் எழுப்பிய ஐஸ் ஹவுஸ் அதன் ஒரு சின்னம். அது செல்வர்க்கு மட்டும் எட்டிய குளிர்ச்சி. ஏனையோர்க்குக் கடற்காற்றும் திண்ணையும் மொட்டைமாடியும் எஞ்சின.

மொழியும் சான்று தருகிறது. தெலுங்கில் வெயிலின் கொடுமைக்குரிய சொற்கள் 'வடகாலி'யும் 'வடதெப்ப'வும்: முன்னது வெப்பக்காற்று, பின்னது அதன் அடி. அங்கு வெம்மை வெளியிலிருந்து வந்து தாக்குவது. தமிழிலும் அனலும் வெக்கையும் உண்டு. எனினும் கரையோர நகரத்தார் நாள்தோறும் சொல்வது 'புழுக்கம்'. நெல்லை ஆவியில் அவிப்பதால் வரும் புழுங்கல் என்னும் சொல்லும் இதே வேரினது. உலரும் வெம்மையையும் அவிக்கும் வெம்மையையும் மொழி வேறுபடுத்திய அளவுக்கு அரசின் அட்டவணை வேறுபடுத்தவில்லை எனலாம். பஞ்சாங்கங்களும் ஒத்துப்போவதில்லை. தமிழர்க்கு மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும் கத்திரி வெயில்; தெலுங்கர்க்கு மே 25 அளவில் தொடங்கி ஜூன் முதல் வாரம் கடந்து நீளும் ரோகிணி கார்த்தி, உரல்களும் வெடிக்கும் என்று பழமொழி சொல்லும் காலம். ஐதராபாத்தின் உச்சமான 45.5 பாகை 1966 ஜூன் 2 அன்று பதிவானது. சென்னையின் உச்சமான 45 பாகை 2003 மே மாத இறுதியில், கத்திரி கழிந்த பிறகே வந்தது. பஞ்சாங்கம் சூரியன் நிற்கும் விண்மீனைக் கணிக்கிறது, காற்றை அன்று. தென்மேற்குப் பருவமழை வந்ததும் ஐதராபாத் விரைந்து தணிகிறது. ஜூலையில் அதன் சராசரி உச்சம் 31 அளவுதான். மழைமறைவுப் பகுதியான சென்னை ஜூனிலும் 37-இல் நிற்கிறது. ஜூலையிலும் 35-ஐ விட்டு இறங்கத் தயங்குகிறது. அம்மாதங்களில் உலர்குமிழின்படியும் சென்னையே முந்துகிறது. கோடைப் பட்டியல்களோ மே மாதத்தோடு முடிந்துவிடுகின்றன.

ஈரக்குமிழைச் சட்டம் அறியாமல் இல்லை. நூல் அறாதிருக்க நெசவாலைகளில் செயற்கையாக ஈரம் ஏற்றுவது வழக்கம். அந்த ஈரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் இங்கிலாந்தில் 1889-இலேயே வந்தது. ஜான் ஸ்காட் ஹால்டேன் கார்ன்வால் சுரங்கங்களில் ஆராய்ந்து 1905-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: உடல் தாங்கும் எல்லையைத் தீர்மானிப்பது ஈரக்குமிழே, அசைவற்ற காற்றில் 31 பாகையளவைக் கடந்தால், ஓய்வில் இருப்பவர் உடலிலும் சூடு ஏறும். இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் செயற்கை ஈரமூட்டலுக்குத் தனிப்பிரிவு வைத்தது. ஆலைக்குள் ஈரத்தை உண்டாக்குபவர் முதலாளி. எனவே வரம்பு விதிக்க ஓர் ஆள் இருந்தார். தெருவின் ஈரத்தை உண்டாக்குவது கடல். மூட்டை சுமப்பவர்க்கும் கட்டடத் தொழிலாளர்க்கும் அவ்வறிவு சென்று சேரவில்லை.

இதன் விளைவு இந்திய வானிலைத் துறையின் 'வெப்ப அலை' வரையறையில் வெளிப்படுகிறது. சமவெளியில் உச்ச வெப்பம் 40 பாகையையும் கரையோரத்தில் 37-ஐயும் எட்ட வேண்டும். அத்துடன் வழக்கமான அளவைவிட 4.5 பாகையேனும் கூடியிருக்க வேண்டும். கரையோரத்துக்கு 3 பாகை சலுகை தரப்பட்டதுபோல் தோன்றும். ஆனால் சென்னையின் மே மாத வழக்கமே 37; அதனுடன் 4.5-ஐக் கூட்டினால் 41.5 ஆகிறது. கடற்காற்று வழக்கம்போல் நண்பகலில் புகும் நாளில் நகரம் அவ்வெல்லையை எட்டாது. மேலைக்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுக்கும் நாளில்தான் எட்டும். அன்று காற்று வறண்டிருக்கும். ஆகவே சென்னையில் அறிவிக்கப்படும் வெப்ப அலை என்பது சென்னை ஒரு நாள் ஐதராபாத்தாக மாறுவதன் பெயர். கரையோர நகரத்துக்கே உரிய அவிக்கும் வெம்மை, எத்தனை வாரம் நீடித்தாலும், இவ்வரையறைக்குள் வருவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. 2015 மே மாத இறுதியில் இந்தியாவில் வெப்பத்தால் இறந்தோர் 2,000-ஐக் கடந்தனர். பெரும்பான்மையினர் ஆந்திரத்தினரும் தெலங்கானத்தினரும். வறண்ட வெம்மையே கொல்கிறது, புழுக்கம் வெறும் அசௌகரியம் என்று இதிலிருந்து முடிவு செய்வோர் உளர். வறண்ட காற்றில் வியர்வை தோன்றியவுடன் உலர்வதால் உடல் இழக்கும் நீர் உணரப்படுவதில்லை என்பதும், நேர்வெயிலில் உழைப்போர்க்கு உலர்வெப்பம் பேரிடர் என்பதும் உண்மை. ஆனால் அவ்வாண்டு மிகுதியாக உயிரிழந்த பகுதிகளுள் பிரகாசம், குண்டூர் போன்ற கரையோர மாவட்டங்களும் இருந்தன; உள்நாட்டின் அனலும் கடலின் ஈரமும் சந்திக்கும் நிலம் அது. மேலும், வெப்ப இறப்பாக எது எண்ணப்படுகிறது என்பதே வரையறையைச் சார்ந்தது. வெட்டவெளியில் நண்பகலில் விழுந்தவரின் இறப்பு எண்ணப்படுகிறது. காற்றுப் புகாத ஓரறை வீட்டில் பல இரவுகள் புழுங்கி இதயம் நின்ற முதியவரின் இறப்பு மாரடைப்பாகப் பதிவாகிறது. இரண்டையும் எண்ணாமல் எந்த வெம்மை கொடியது என்று தீர்ப்பளிப்பது, தராசின் ஒரு தட்டை மட்டும் நிறுத்துப் பார்ப்பது போன்றது.

அண்மையில் சில மாற்றங்கள் தென்படுகின்றன. ஈரக்குமிழ் 35 பாகையே மனித உடலின் இறுதி எல்லை என்று ஷெர்வுடும் ஹூபரும் 2010-இல் கணித்தனர். பென்சில்வேனியாவில் இளைஞர்களைக் கொண்டு நிகழ்த்தி 2022-இல் வெளியிடப்பட்ட சோதனை, அவ்வெல்லை 31-ஐ ஒட்டியதே என்று காட்டி ஹால்டேனின் பழைய எண்ணுக்கு அருகே வந்து நின்றது. இந்திய வானிலைத் துறை 2023-இல் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ளும் வெப்பக் குறியீட்டைச் சோதனைமுறையில் வெளியிட்டது. தமிழ்நாட்டரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவித்தொகை வகுத்தது. அலை என்பதன் பொருள் பழையதாகவே இருக்குமாயின், அவ்வுதவி சென்னையின் புழுக்கத்தில் இறந்தோரை எவ்வாறு சென்றடையும் என்பது திறந்தே கிடக்கும் வினா.

ஆய்வுக்கும் ஓர் இடைவெளி எஞ்சியுள்ளது. நகரங்களின் தட்பவெப்பச் சராசரி அட்டவணைகளில் ஒப்பு ஈரப்பதம் வழக்கமாகக் காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்குமே தரப்படுகிறது. மே மாதச் சென்னையில் இரவின் தாழ்வெப்பம்கூட 28 பாகையை ஒட்டியே நிற்கிறது. காற்று நிறைவுநிலையை நெருங்குவது நள்ளிரவு கடந்து விடியலுக்குள். உறக்கத்தில் உடல் தணிய வேண்டிய அந்நேரத்தின் ஈரம் அவ்விரு பத்திகளில் எதிலும் இல்லை.