கழுத்து திருகும் புறா: வைரஸா, வேறு நோயா? கண்டுபிடிப்பது எப்படி?

நேற்று வரை மாடிக்கு மேலே கர்ணம் அடித்த புறா, இன்று தலையைக் கோணிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. கம்பைக் கொத்தப் போனால் அலகு தரையில்தான் படுகிறது. கூண்டெல்லாம் தண்ணீராக எச்சம். 'சத்து இல்ல, டானிக் கொடுத்தா சரியாகிடும்' என்று பலரும் விட்டுவிடுவார்கள். அங்கேதான் சிக்கல்.

இது என்ன வைரஸ்?

கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய் தெரியும்தானே? அந்த வைரஸின் புறா வகைதான் 'பிபிஎம்வி-1'. 1970களின் கடைசியில் மத்திய கிழக்கில் தலைகாட்டி, 80களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பந்தயப் புறாக்களிடம் பரவியது. புறாவோடு நிற்கவும் இல்லை. 1984இல் பிரிட்டனில், துறைமுகக் கிடங்கில் புறா எச்சம் கலந்த தீவனம் வழியாகக் கோழிப் பண்ணைகளுக்குள் நுழைந்தது. கோழியும் புறாவும் சேர்த்து வளர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

பார்த்தாலே தெரியாதா?

தெரியாது. சால்மோனெல்லா பாக்டீரியா தாக்கினாலும் கழுத்து திருகும். தயமின் சத்து குறைந்தாலும் அப்படித்தான். கண், அலகு ஓரம், காலில் பொருக்கு கட்டும் அம்மை மட்டும் ஓரளவு கண்ணுக்கே பிடிபடும். அதைக் கொசுவும் பரப்பும். சர்கோ வைரஸுக்குத் தனி அடையாளமே கிடையாது. இளம் புறாவின் எதிர்ப்பு சக்தியைக் குலைத்து, மற்ற நோய்களுக்குக் கதவைத் திறந்துவிடும். 2016இல் ஆஸ்திரேலியாவில் பந்தயப் புறாக்களைக் கொன்றதோ கல்லீரலைத் தாக்கும் ரோட்டா வைரஸ்.

என்ன சோதனை?

கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதேதான். புறாவின் தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, ஆர்டி-பிசிஆர் செய்வார்கள். வைரஸ் இருந்தால் அதன் மரபணுவைப் படித்து எந்த வகை என்று உறுதி செய்யலாம். கரு வளரும் கோழி முட்டையில் வைரஸை வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. நாளாகும், ஆனால் இன்றும் மதிப்பு உண்டு.

ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அது வைரஸைக் காட்டாது, எதிர்ப்பொருளைக் காட்டும். தடுப்பூசி போட்ட புறாவுக்கும் எதிர்ப்பொருள் இருக்குமே! அதனால் இரண்டு, மூன்று வாரம் விட்டு மறுபடி ரத்தம் எடுத்து, அளவு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். தடுப்பூசி விவரத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று. நல்லா இருக்கிற புறாவிலும் சர்கோ வைரஸ் 'பாசிட்டிவ்' வரலாம். அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்ட முடியாது.

உடனே என்ன செய்வது?

நோயுற்ற புறாவைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். செத்துப்போனால் கவரில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசுப் பரிசோதனை கெட்டுவிடும். பிபிஎம்வி-1 வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, ஆன்டிபயாடிக்கும் எடுபடாது. பராமரித்தால் பல புறாக்கள் சில வாரங்களில் தேறிவிடும். ஆனால் தேறிய பிறகும் கொஞ்ச நாள் எச்சத்தில் வைரஸ் வரலாம். அதனால் கூட்டத்தில் சேர்க்க அவசரப்படாதீர்கள்.

மனிதர்களுக்கு? அரிதாக, கண் சிவந்து உறுத்தும். கூண்டு கழுவிய கையோடு கண்ணைக் கசக்காமல், சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.