மலையகத்து முகங்களும் காமா எனும் கணக்கும்

2003ஆம் ஆண்டின் இறுதியில் ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டுதான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. 1948இல் பறிபோன உரிமை அது. 1964இல் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று மனிதர்களைப் பங்கிட்ட பின்னரும் தீராதிருந்த வழக்கு, ஒருவாறு ஒரு கடதாசியில் முடிந்துகொண்டிருந்தது. கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்த மூதாட்டி ஒருவர் அக்கடதாசியை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி லயத்தின் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னே பனிமூட்டம் மலையை முற்றாக மூடியிருந்தது. எங்கள் ஆசிரியபீடத்துக்குப் புதிதாக வந்திருந்த டிஜிட்டல் கமராவினால் அவரைப் படம்பிடித்தேன்.

படம் மூன்று பத்தி அகலத்தில் வெளிவந்தது. சில வாரங்களின் பின் அப்பக்கம் மீண்டும் போனபோது, மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்து விரித்துக் காட்டினார் அவர். "கடதாசி நல்லா வெளங்குதுங்க ஐயா. என்னையத்தான் காணோம்" என்றார்.

உண்மைதான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மை இருந்தது. அச்சகத்தின் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

மலையகத்தவரின் முகம் கமராவுக்குள் கறுத்துப்போவது புதிய கதையன்று. பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம் ஒன்றுண்டு. அதன் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு என்று பாடசாலையில் படித்திருப்பீர்களே, அந்தக் கமரனின் மனைவி. 1863இல், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவுடன் படம்பிடிக்கத் தொடங்கி, டெனிசன், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை நமக்கு விட்டுச்சென்றவர். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கோப்பிப் பயிரில் நோய் பரவித் தோட்டங்கள் தள்ளாடிய காலம் அது. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். இங்கு அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் படத்துக்கு அமர்ந்த பெரியோரின் பெயரை எழுதிவைத்தவர், இலங்கையில் அமர்ந்த தொழிலாளரின் பெயரை எழுதவில்லை. இது கமராவின் பிழையன்று; ஆனாலும் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டு. அது நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே காணும். செம்மைக்கும் மஞ்சளுக்கும் ஏறக்குறையக் குருடு. மாநிறத் தோல் திருப்பியனுப்பும் ஒளியில் செம்மையே மிகுதி, நீலம் குறைவு. ஆகவே கண்ணுக்குத் தெரிவதைவிட முகம் கூடுதலாகக் கறுக்கும். மேலே போர்த்திய வெள்ளைத் துணியோ பளிச்சென்றிருக்கும். 1873இல் ஜேர்மானியரான ஹேர்மன் ஃபோகல் சாயமூட்டித் தட்டுக்குப் பச்சையையும் காணக் கற்றுக்கொடுத்தார். அந்த வித்தை பரவலாக வழக்குக்கு வருவதற்குள் அம்மையார் காலமாகிவிட்டார்.

நிறக் குருட்டுத்தனம் ஒருபுறம். மறுபுறம், விழும் ஒளிக்கும் விளையும் கருமைக்கும் இடையிலான விகிதம். இதை முதன்முதல் முறையாக அளந்தவர்கள் இங்கிலாந்தின் விட்னஸ் நகரில் இரசாயனத் தொழிற்சாலைப் பணியிலிருந்த இருவர்: ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்ட். 1890இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் ஒரு வளைகோட்டை வரைந்தார்கள். அதன் நேரான பகுதியின் சரிவுக்குச் சூட்டிய கிரேக்க எழுத்தே காமா. சரிவு செங்குத்தானால் வெளுப்பும் கறுப்பும் விலகி நிற்கும். படுத்தால் யாவும் சாம்பலாகும். இருட்டறையில் தட்டை எவ்வளவு நேரம் கழுவுவது என்ற கேள்விக்கான விடை அதில் இருந்தது.

அதே எழுத்து பின்னர் தொலைக்காட்சிக்குள் குடியேறியது. பழைய கண்ணாடிக் குழாயில் மின்னழுத்தத்தை இரட்டித்தால் ஒளி இரட்டிக்காது. நாலரை மடங்குக்கும் மேலாகும். எனவே அனுப்பும் இடத்திலேயே இருளைத் தூக்கி, எதிர்த்திசையில் வளைத்து அனுப்பினார்கள். காமா திருத்தம் என்பது இதுவே. நம் கண்ணும் இருளில் சிறு வேறுபாடுகளை நுணுக்கமாகவும், வெளிச்சத்தில் பெரிய வேறுபாடுகளை மட்டுமேயும் உணர்வதால், அந்த வளைவு கண்ணுக்கும் இசைந்துபோயிற்று. குழாய்த் தொலைக்காட்சி போய்விட்டது, வளைவு போகவில்லை. 1996இல் இரு அமெரிக்கக் கணினி நிறுவனங்கள் முன்வைத்து 1999இல் சர்வதேச நியமமான எஸ்ஆர்ஜிபி அதையே தழுவியது. இன்றும் நம் படங்களில் பெரும்பாலானவை அதன்படியே நடக்கின்றன.

இனி மூதாட்டியின் படத்துக்கு வருகிறேன். பனிமூட்டத்தின் ஒளியை ஒன்று என்று கொண்டால், நிழலில் நின்ற அவரது முகத்தின் ஒளி பதினாறில் ஒன்றுக்கும் முப்பத்திரண்டில் ஒன்றுக்கும் இடைப்பட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். கமராவின் சில்லு ஒளியை உள்ளபடியே எண்ணும். அந்த எண்ணிக்கையை வளைக்காமல் 256 படிகளில் அடைத்தால், பனியின் வெண்மைக்கு மேற்பாதியான 128 படிகளும் போய்விட, முகம் முழுவதற்கும் கிடைப்பது எட்டே எட்டுப் படிகள். நெற்றிச் சுருக்கம், கன்னத்துக் குழி, கண் எல்லாம் எட்டுப் படிகளுக்குள். காமா வளைவு அதை ஏறத்தாழ இருபத்தொன்றாக்குகிறது. சில்லு பன்னிரண்டு பிட்டில் எண்ணியதை ரோ கோப்பாக அப்படியே வைத்திருந்தால் அதே முகத்துக்கு 128 படிகள் கிடைத்திருக்கும். நினைவட்டையில் இடம் போதாதென்று நான் ஜேபெக்காகவே எடுத்தேன். அன்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

முன்பே கறுப்பாயிருந்த படத்தை அச்சகம் மேலும் கறுப்பாக்கியது. செய்தித்தாள் மையை உறிஞ்சும்; அச்சுப் புள்ளி பரந்து பக்கத்துப் புள்ளியைத் தொடும். முக்கால் பங்கு மை கேட்கும் முகத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி முழுக் கறுப்பாயின. இதை முன்கூட்டியே ஈடுசெய்து நடுத்தொனியைத் தூக்கி அனுப்புவது பக்கம் வடிவமைப்போரின் வேலை. எங்கள் மேசையில் படத்தைத் திறந்தவர் பிரகாசத்தைக் கூட்டும் பொத்தானையே நாடினார். அக்கால மென்பொருளில் அது எல்லாப் படிகளையும் ஒரே அளவு மேலே தள்ளும்: பனி வெந்து வெறுங்கடதாசியானது, முகம் கறுப்பிலிருந்து அழுக்குச் சாம்பலானது, அச்சில் மீண்டும் கறுப்பானது. அவரைக் குறைசொல்ல முடியாது. மூன்று முக்கோணங்களுள் நடுவிலிருப்பதே காமா என்று எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. அதை அசைத்தால் வெள்ளை முனையும் கறுப்பு முனையும் இருந்த இடத்திலிருக்க, நடுப்பகுதி மட்டும் எழும்.

இந்த முகங்களுக்கென்று கருவிகளைச் செய்தவர் எவருமில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொடாக் நிறுவனம் வண்ணப்பட ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணே சிரித்துக்கொண்டிருந்தார். அவரது தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. 2021இல் கூகுள் தனது கைத்தொலைபேசியில் கருந்தோலுக்கெனத் தனிக் கவனம் செலுத்தியதாக அறிவித்தபோது, கமரன் அம்மையார் மறைந்து 142 ஆண்டுகள் கடந்திருந்தன.

சென்ற ஆண்டு பழைய குறுந்தட்டுகளைக் கிளறியபோது அந்தப் படம் அகப்பட்டது. நடு முக்கோணத்தை 1.6 வரை நகர்த்தினேன். பனி பனியாகவே நின்றது. முகம் மெல்ல எழுந்தது. ஜேபெக் சுருக்கம் இருளில் விட்டுச்சென்ற சிறு சதுரங்கள் கன்னத்தில் தெரிந்தன. மூக்குத்தி தெரிந்தது. அவர் கடதாசியைப் பார்க்கவில்லை, நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பிரதி அச்சிட்டுத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றேன். மூதாட்டி இல்லை. பேத்தி வாங்கிக்கொண்டார். பழைய பத்திரிகைத் துண்டு இன்னும் அந்த வீட்டில் இருந்தது, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற படமாங்க?" என்று கேட்டார். அதே படந்தான் என்றேன்.