கையெழுத்து இல்லாத கடிதம்

ரமண மகரிஷி என்றதும் பலரும் நேரே தத்துவத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கோ, அவர் பதினாறு வயதில் வீட்டில் எழுதி வைத்துவிட்டு வந்த சீட்டுதான் முதலில் ஞாபகம் வரும்.

1896 ஆகஸ்ட் 29. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீடு. அதற்கு ஆறு வாரம் முன்னால், அந்த வீட்டு மாடியறையில் திடீரென்று சாவு பயம் வந்து, பிணம்போலப் படுத்து, 'சாவது எது?' என்று பார்த்திருந்தார் வெங்கடராமன். பிறகு படிப்பில் மனம் ஒட்டவில்லை. அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று தம்பி கிளம்ப, பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய்த் தன் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடச் சொன்னார் அண்ணன். தம்பி எடுத்துக்கொண்டது மூன்று ரூபாய்.

அந்தச் சீட்டு 'நான்' என்று ஆரம்பிக்கிறது. தகப்பனைத் தேடி, அவர் உத்தரவுப்படி கிளம்பியதாகச் சொல்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' காணாமல்போய் 'இது' வந்துவிடுகிறது. இதைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாமாம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆனால் உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கிறது!

தனி ஆள் என்ற எண்ணம் கரைந்தால் மிஞ்சுவது எல்லோருக்கும் பொதுவான ஒன்றே என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். அது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் வழி அல்ல என்பதற்கு அந்த இரண்டு ரூபாயே எனக்குப் போதும். ரிட்டயராகி இத்தனை வருஷமாகியும் கையெழுத்துக்குக் கீழே பழைய பதவியை எழுதப் போகிறது என் கை. நம்மில் பலருக்கும் அப்படித்தான்.

வழியில் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதரிடம் தங்கக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்பதற்காகக் கொடுத்த விலாசச் சீட்டை வெளியே வந்ததும் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. மிச்சக் காசு அய்யங்குளத்தில் போயிற்று. குடுமியும் பூணூலும் போயின. பேச்சும் நின்றது. ஜனங்கள் 'பிராமண சுவாமி' என்றார்கள்.

ஆனால் உலகம் பெயர் கேட்காமல் விடுமா? குருமூர்த்தத்தில் இருந்தபோது தாலுகா ஆபீஸ் கணக்கர் ஒருவர், பெயரும் ஊரும் தெரியாமல் சாப்பிட மாட்டேன், ஆபீசுக்கும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். 'வெங்கடராமன், திருச்சுழி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார் சுவாமி. திருச்சுழி எது என்று அவருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த பெரியபுராணத்தைப் புரட்டி, அந்த ஊர்ப் பெயரைச் சுட்டிக்காட்டினார்.

திருச்சுழிப் பையன் இங்கே இருக்கும் செய்தி மதுரைக்கு எட்டியது. 1898-இல் இன்னொரு சித்தப்பா நெல்லையப்ப ஐயர் வந்து கூப்பிட்டார். டிசம்பரில் அம்மா அழகம்மாளும் வந்தார். நாள்கணக்கில் அழுதும் மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற கருத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததோடு சரி. எத்தனை பெரிய ஞானியானாலும், அந்த அம்மா திரும்பிப்போன பிரயாணத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1907-இல் காவ்யகண்ட கணபதி முனி 'ரமண மகரிஷி' என்று பெயரிட்டார். 1916-இல் அம்மா மகனிடமே வந்து தங்கி, மலைமேல் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும்வரை, மகன் அவர் நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அம்மாவின் சமாதி. தினமும் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர், ஒருநாள் அங்கேயே தங்கிவிட்டார். ரமணாசிரமம் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது.