செர்ரி இறால்: இனப்பெருக்கமும் சினை சுமத்தலும்

செர்ரி இறால் (நியோகாரிடினா டேவிடி) அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்படும் சிறிய நன்னீர் இறால். சீனா, தைவான் உள்ளிட்ட கிழக்காசியப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. பிரெஞ்சு விலங்கியலாளர் பூவியே 1904இல் இதை விவரித்தார். இயற்கையில் மங்கிய பழுப்பு நிறத்திலிருக்கும் இதன் சிவப்பு, மஞ்சள், நீல வகைகள் தேர்வு வளர்ப்பில் உருவானவை. பெண் இறால், முட்டைகள் பொரியும்வரை அவற்றை வயிற்றடியில் சுமக்கிறது.

ஆண், பெண் வேறுபாடு

பெண் 3 செ.மீ. வரை வளரும், நிறம் அடர்ந்து, வயிற்றுப் பகுதி வளைந்து ஆழமாக இருக்கும். ஆண் சிறியது, ஒல்லியானது, நிறம் மங்கியது. இரண்டும் ஏறக்குறைய 2 முதல் 3 மாதங்களில் பருவமடைகின்றன. பருவமடைந்த பெண்ணின் தலைக்குப் பின்னால், ஓட்டின் வழியே, மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டு தெரியும். அது முதிர்ந்துவரும் சினைப்பை. குதிரைச் சேணம்போல் முதுகில் அமைந்திருப்பதால் வளர்ப்போர் அதைச் ‘சேணம்’ என்கின்றனர்.

சேர்க்கை

முட்டை முதிர்ந்ததும் பெண் தோலுரிக்கிறது. அப்போது நீரில் கலக்கும் வேதிச் சைகைகள் ஆண்களைத் தூண்டுகின்றன. ஆண்கள் தொட்டி முழுவதும் பரபரப்பாக நீந்தித் தேடும். புதுத்தோல் இறுகுமுன் நடக்கும் சேர்க்கை சில நொடிகளில் முடிகிறது. ஆண் தன் விந்துப்பொதியைப் பெண்ணின் உடலடியில் ஒட்டுகிறது. சில மணி நேரத்தில் முட்டைகள் சினைப்பையிலிருந்து வெளிவந்து, கருவுற்று, வயிற்றடியிலுள்ள நீச்சல் கால்களின் மயிர்களில் ஒட்டிக்கொள்கின்றன.

சினைக்காலம்

ஒரு சினையில் பொதுவாக 20 முதல் 40 முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ. நீளம். தாய் நீச்சல் கால்களை ஓயாமல் அசைத்து அவற்றுக்கு உயிர்வளி நிறைந்த நீரைச் செலுத்துகிறது. அழுக்கு படியாமல் கால்களால் துழாவித் தூய்மை செய்கிறது. சினைக்காலம் 3 முதல் 4 வாரங்கள். வெப்பம் கூடினால் குறையும், தணிந்தால் நீளும். பொரியும் நாள் நெருங்கும்போது முட்டைக்குள் இரு கரும்புள்ளிகளாகக் குஞ்சின் கண்கள் தெரியும்.

முட்டைகள் ஓட்டின் மயிர்களில் ஒட்டியிருப்பதால், இடையில் தோலுரித்தால் அவையும் கழன்றுவிடும். திடீர் நீர்மாற்றம், அச்சுறுத்தல், முதல் சினையின் அனுபவமின்மை ஆகியவற்றாலும் முட்டைகள் உதிரலாம். நீச்சல் கால்களிடையே வளரும் ஒருவகைப் பச்சை ஒட்டுண்ணியைச் சினையென்று தவறாகக் கருதுவதுண்டு. சினை தனித்தனி உருண்டைகளாகத் தெரியும். ஒட்டுண்ணி பஞ்சுபோல் படர்ந்திருக்கும்.

குஞ்சுகள்

மிதக்கும் இளம்பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுவதால், சுமார் 2 மி.மீ. நீளமுள்ள குஞ்சு சிற்றிறாலாகவே வெளிவருகிறது. உடனே பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் மேயத் தொடங்குகிறது. தாய் சில நாள்களில் மீண்டும் தோலுரித்து அடுத்த சினைக்குத் தயாராகலாம்.

பிற இறால்களுடன் ஒப்பீடு

வெள்ளை இறால் போன்ற கடல் இறால்கள் முட்டைகளைச் சுமக்காமல் நீரிலேயே விட்டுவிடுகின்றன. அமானோ இறால் (காரிடினா மல்டிடென்டாட்டா) செர்ரி இறாலைப் போலவே சினை சுமந்தாலும், நூற்றுக்கணக்கில் மிகச் சிறிய முட்டைகளை இடுகிறது; பொரியும் இளவுயிரிகள் உப்புநீரில்தான் வளர்கின்றன. எனவே நன்னீர்த் தொட்டியில் அது சினைப்பட்டாலும் குஞ்சுகள் தேறுவதில்லை. செர்ரி இறால் இடும் முட்டைகள் குறைவு. ஆனால் மஞ்சட்கரு நிறைந்த பெரிய முட்டைகள். தொட்டியில் அது எளிதாகப் பெருகுவதற்கு இதுவே காரணம்.

வளர்ப்பு

20 முதல் 26 பாகை செல்சியஸ் வரையிலான, அடிக்கடி மாறாத நீர் ஏற்றது. தோலுரிப்புக்கு நீரில் சுண்ணச்சத்து வேண்டும். குஞ்சுகளை உறிஞ்சிவிடாத பஞ்சு வடிகட்டியும், ஒளிந்துகொள்ளப் பாசிக்கொத்தும் தேவை. செம்பு கலந்த மீன் மருந்துகள் இறால்களைக் கொல்லக்கூடியவை. மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடுவதால், இனப்பெருக்கத்துக்குத் தனித்தொட்டியே உகந்தது.