பிபிடி பட்டமும் வெளிநாட்டு உரிமமும்: சென்னையிலிருந்து ஒரு பார்வை

இந்தியாவில் பிசியோதெரபிப் படிப்பு இளம்பிள்ளை வாதத்தின் பின்னால் வந்தது. 1952-ல் பம்பாயில் அந்நோய் பரவியதை அடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1953-ல் அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1955-ல் இந்திய பிசியோதெரபிஸ்ட்கள் சங்கம் அமைந்தது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னோடி. தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே அறுவை செய்து மீட்டார். விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். 1966-ல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

இந்த வளர்ச்சியில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. மருத்துவருக்கும் செவிலியருக்கும் சட்டப்படி ஒரு மன்றமும் பதிவேடும் இருந்தன. பிசியோதெரபிஸ்டுக்கு இருந்தது விரும்பினால் சேரும் சங்கம் மட்டுமே. உள்ளூரில் வேலை பார்க்க இது பெரிய தடையாக இல்லை. கப்பலோ விமானமோ ஏறும்போதுதான் விடுபட்டதன் அருமை தெரிந்தது. ஏனென்றால் பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமே இத்தொழிலுக்கு அரசுப் பதிவேட்டை ஏற்படுத்தியிருந்தது. அமெரிக்காவில் மாநிலந்தோறும் உரிம வாரியம் இருந்தது. விண்ணப்பிப்பவர் சொந்த நாட்டில் பதிவு பெற்றவரா, அவர்மீது புகார் ஏதும் உண்டா என்று அவ்வாரியங்கள் கேட்டன. சென்னையில் படித்தவர் அதற்குப் பதிலாகக் காட்டக்கூடியது பல்கலைக்கழகத்தின் முத்திரைதான்.

அந்த முத்திரை பெரும்பாலும் கோட்டூர்புரத்தை அடுத்த கிண்டியிலிருந்து வருகிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988-ல் செயல்படத் தொடங்கியபின், கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் முதல் தனியார் கல்லூரிகள் வரை பலவற்றின் பிபிடி எனும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் அதன் பெயரில் வழங்கப்பட்டது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தைத் தாங்களே தந்தன. வெளிநாடு போக நினைப்பவரின் முதல் வேலை டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது. மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பறை மணிநேரம், செய்முறை மணிநேரம், மருத்துவமனைப் பயிற்சி மணிநேரம் எல்லாம் தனித்தனியே வேண்டும். உறை ஒட்டிய இடத்தின் மேலேயே முத்திரை குத்தி, மாணவர் கையால் பிரிக்கப்படாமல் போய்ச்சேர வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். பத்தாண்டுக்கு முன் படித்த பாடத்திட்டப் புத்தகத்தைத் தேடிக் கல்லூரிக்கு அலைந்தவர்கள் ஏராளம்.

அமெரிக்க வழி இந்த அலைச்சலின் உச்சம். 1990-களின் முற்பகுதியில் அங்கு பிசியோதெரபிஸ்டுகளுக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. 1996-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், வெளிநாட்டில் படித்த சுகாதாரப் பணியாளர் விசா பெறத் தகுதிச் சான்று கட்டாயம் என்றது. அடுத்த ஆண்டின் நிதிச் சட்டம் முதியோர் காப்பீட்டில் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. 1999-ல் அது நடைமுறைக்கு வந்தபோது வேலைச் சந்தை சரிந்தது. பற்றாக்குறை தணிந்தது, கட்டுப்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. இது உரிம வரலாற்றில் அடிக்கடி நிகழ்வது.

படிப்பின் நிகர்மதிப்பை அளக்க கோர்ஸ்வொர்க் டூல் என்ற அளவுகோல் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் 2016-க்குள் முனைவர் நிலைப் பட்டத்துக்கு மாறியதும் அளவுகோலும் உயர்ந்தது. நான்கரை ஆண்டு பிபிடியில் உடற்கூறியலுக்கோ பயிற்சி நேரத்துக்கோ குறைவில்லை. பொதுக்கல்விப் பாடங்கள், நோய்களை வேறுபடுத்தி அறிதல் போன்றவற்றில்தான் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப இணையவழிப் பாடங்களும் கூடுதல் தேர்வுகளும் தேவைப்பட்டன. டோஃபல் ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கு மட்டும் 26 எடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் என்.பி.டி.இ. எனப்படும் தேசியத் தேர்வு: 600 மதிப்பெண் தேர்ச்சி, வாழ்நாளில் ஆறு வாய்ப்பு. அதை அமெரிக்க மண்ணில்தான் எழுத முடியும் என்பதால் தேர்வுக்கு முன்பே விசாவுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

2010 ஜூலையில் இந்த வழி திடீரென அடைபட்டது. தேர்வு எழுதியவர்கள் கேள்விகளை நினைவில் கொண்டுவந்து பகிர்ந்தார்கள் என்று கூறி, இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, பிலிப்பைன்ஸ் நாடுகளில் படித்த அனைவருக்கும் மாநில வாரியங்களின் கூட்டமைப்பு தேர்வை நிறுத்திவைத்தது. தவறு செய்தவர் சிலர். தண்டனை நான்கு நாட்டுக்கு. பிறகு அவர்களுக்கென ஆண்டுக்கு ஒருமுறை தனித் தேர்வு கொண்டுவரப்பட்டு, சட்டச் சிக்கலில் மாட்டிக் கைவிடப்பட்டது. குறித்த சில நாள்களில் மட்டும் தேர்வு என்ற முறை 2011 முதல் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

பிரிட்டன் வேறு பாதையில் சென்றது. 2003-ல் பதிவேட்டை ஏற்ற சுகாதாரத் தொழில்கள் மன்றம், 2012 முதல் ஹெச்.சி.பி.சி., தொழில் தேர்வு ஏதும் வைப்பதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல், கல்லூரி நிரப்பித் தரும் பாடவிவரப் படிவம், பணி அனுபவம். இவற்றைப் படித்துப் பார்த்து மதிப்பீட்டாளர்கள் முடிவு செய்கிறார்கள். படிவத்தில் கல்லூரி ஒரு பத்தியை அசட்டையாக நிரப்பினாலும் கூடுதல் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். 2020-ல் வந்த சுகாதாரப் பணியாளர் விசா இந்த வழியை மேலும் விரிவாக்கியது. ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வை வெளியே எழுதலாம், செய்முறை மதிப்பீட்டுக்கு அங்கே போக வேண்டும். கனடாவோ நோயாளி நடிகர்களை வைத்து நடத்திய செய்முறைத் தேர்வைப் பெருந்தொற்றுக் காலத்தில் பலமுறை ஒத்திவைத்து, 2022-ல் விட்டேவிட்டது.

வளைகுடா நாடுகளில் நடைமுறை விரைவானது. சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றினால், டேட்டாஃப்ளோ நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதி உண்மையா என்று கேட்கிறது. பிரோமெட்ரிக் கணினித் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். துபாய், அபுதாபி, சவூதி, கத்தார் ஒவ்வொன்றுக்கும் தனி ஆணையம், தனி உரிமம் என்பதுதான் சங்கடம்.

பதிவேட்டுக் குறை உள்நாட்டில் மெல்லத்தான் தீர்ந்துவருகிறது. டெல்லி 1997-லும், மகாராஷ்டிரா 2002-லும், குஜராத் 2011-லும் தனிச்சட்டம் இயற்றின. மத்திய மன்றம் அமைக்க 2007-ல் மக்களவையில் வந்த மசோதா அவையோடு காலாவதியானது. 2021 மார்ச்சில்தான் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் நிறைவேறியது. மத்தியப் பதிவேடும் மாநில மன்றங்களும் அதன்படி அமைய வேண்டும். ஆணையம் 2025-ல் வெளியிட்ட பாடத்திட்டம் பிபிடியை ஓராண்டுப் பயிற்சியோடு ஐந்தாண்டாக்குகிறது. புதிய பட்டதாரிக்கு மணிநேரக் கணக்கு கூடும். நான்கரை ஆண்டுப் படிப்பை முன்பே முடித்தவர்களின் விண்ணப்பம் பழைய பாடத்திட்டத்தைக் கொண்டே எடைபோடப்படும்.